ஒன்றும் செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? – உளவியல் சிகிச்சைகளும் அவற்றின் ஆதாரமும்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: கேட்பவரின் தங்கைக்கு மூன்று மாதங்களுக்கு முன் ஸ்கூட்டர் விபத்து நேர்ந்தது. காயம் ஆறிவிட்டது, ஆனால் இரவில் திடுக்கிட்டு எழுகிறார், விபத்து நடந்த சாலை வழியாகப் போக மறுக்கிறார், பின்னால் ஹாரன் சத்தம் கேட்டாலே உடல் நடுங்குகிறது. ஒரு கவுன்சலர், முகத்திலும் மார்பிலும் குறிப்பிட்ட புள்ளிகளை விரலால் தட்டும் சிகிச்சையைச் சொல்கிறார். இன்னொருவர், விபத்து நடந்த ஓரிரு நாளிலேயே யாராவது உட்காரவைத்து மனத்தில் உள்ளதை எல்லாம் கொட்டவைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்கிறார். இவற்றுக்கு அறிவியல் ஆதாரம் உண்டா, பலனடைந்த பலரை நேரிலேயே தெரியும் என்னும்போது அது ஆதாரம் ஆகாதா என்பது கேள்வி.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. மருத்துவ உளவியலில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், நோயாளி ஒருவர் தேறிவிட்டார் என்று மகிழ்ச்சியோடு நாங்கள் அவருடைய கோப்பினை நீட்டும்போதெல்லாம், எங்கள் மேற்பார்வையாளர் அதைத் திறக்காமலே ஒன்று கேட்பார்: “நீங்கள் ஒன்றுமே செய்யாதிருந்தால் இவர் இன்று எப்படி இருந்திருப்பார்?” அன்று எரிச்சலூட்டிய கேள்விதான். ஆனால் ஒரு சிகிச்சையை எடைபோட அதைவிட நல்ல கேள்வி இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொன்ன ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறியப்பட்ட 495 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பைச் சற்றே மேம்படுத்திக் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு அதோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொண்ட எளிய பேச்சுச் சிகிச்சையும் கிடைத்தது. அதைக் கொடுத்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர், குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மனச்சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிடும் அன்றாடக் காரியங்களை, அதாவது குளித்து உடுத்துவது, அண்டை வீட்டாரோடு நாலு வார்த்தை பேசுவது, கடைக்குப் போய்வருவது போன்றவற்றை, மனம் சரியாகட்டும் என்று காத்திராமல் திரும்பத் தொடங்கவைப்பதுதான் அச்சிகிச்சையின் சாரம். விக்ரம் படேலும் குழுவினரும் 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்று மாதம் கழித்து சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். பெறாதவர்களில் 39 சதவீதம் பேர்.

எல்லோருடைய கண்ணும் 64 மேல் விழும். நான் 39-ஐப் பார்க்கச் சொல்கிறேன். அந்தச் சிகிச்சை இல்லாமலே நூற்றுக்கு 39 பேர் மூன்றே மாதத்தில் தேறியிருக்கிறார்கள். அந்த இடைக்காலத்தில் அவர்கள் தாயத்துக் கட்டியிருந்தால் புகழ் தாயத்துக்குப் போயிருக்கும். புள்ளிகளைத் தட்டியிருந்தால் தட்டலுக்குப் போயிருக்கும். அந்த 39 பேரும் பொய் சொல்பவர்கள் அல்லர், உண்மையிலேயே துன்பப்பட்டு உண்மையிலேயே மீண்டவர்கள். தேறாத 61 பேரோ யாரிடமும் போய்ச் சாட்சி சொல்லப்போவதில்லை. வேறு வைத்தியம் தேடிப் போய்விடுவார்கள். ஆகவே நமக்குத் தெரிந்தவர்களின் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், பயனே இல்லாத சிகிச்சைக்கும் நல்ல சிகிச்சைக்கும் வேறுபாடு தெரியாது. ஒப்பீட்டுக் குழு ஒன்று இருந்ததால்தான் அந்தப் பேச்சுச் சிகிச்சையின் சொந்தப் பங்கு 64-இலிருந்து 39-ஐக் கழித்து வரும் 25 என்று சொல்ல முடிகிறது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் மனநலத்தில் அந்தக் காக்கை சரியாகப் பழம் விழும் நேரம் பார்த்தே வந்து உட்காருவதற்குக் காரணம் இருக்கிறது. மனிதர்கள் சிகிச்சை தேடுவது தங்களுடைய மிக மோசமான வாரத்தில். பதற்றமும் சோர்வும் ஏறி இறங்கும் தன்மையுடையவை என்பதால், மிக மோசமான வாரத்துக்கு அடுத்து வருவது பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் நல்ல வாரமாகவே இருக்கும். அதன்மேல், ஒருவர் தன் நேரத்தை ஒதுக்கி அக்கறையோடு கேட்பதும், இது சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பிறப்பதும் தம்மளவிலேயே ஆறுதல் தருபவை. இவை எந்தச் சிகிச்சைக்கும் தனிச்சொத்து அல்ல.

இனி, கொட்டிவிடச் சொன்ன கவுன்சலரின் கருத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஐயத்துக்குரிய சிகிச்சைகளிலேயே மிகவும் நியாயமாகத் தோன்றுவது இதுதான். மனத்தில் வைத்துப் புழுங்காதே, அழுது தீர்த்துவிடு என்று நம் வீடுகளில் சொல்லாதவர் யார்? அதே உள்ளுணர்வை ஒரு முறையாக வகுத்து, 1983-இல் ஜெஃப்ரி மிட்செல் என்னும் அமெரிக்கர், தீயணைப்பு வீரர்களையும் ஆம்புலன்ஸ் பணியாளர்களையும் மனத்தில் கொண்டு அறிமுகப்படுத்தினார். கோர நிகழ்ச்சி நடந்த சில நாட்களுக்குள், என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், எந்தக் கணம் மிகக் கொடியதாக இருந்தது என்று படிப்படியாகப் பேசவைக்கும் ஒற்றை அமர்வு அது. சில ஆண்டுகளில் காவல்துறை, வங்கி, மருத்துவமனை, பள்ளி என்று எங்கும் பரவியது. ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்துப் பார்க்கப்பட்டது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

அந்தச் சோதனைகளில் ஒன்று மெல்போர்னில் நடந்தது. அறுவைசிகிச்சை மூலமாகவோ ஆயுதம் போட்டோ பிரசவமான 1041 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரிடம் மட்டும் அனுபவமுள்ள மருத்துவச்சி ஒருவர் உட்கார்ந்து, பிரசவம் எப்படி நடந்தது, மனத்தில் என்ன ஓடியது என்று பேசவைத்தார். பேசிய பெண்களில் 94 சதவீதம் பேர் அது உதவியாக இருந்தது என்றார்கள். அத்தோடு ஆய்வை நிறுத்தியிருந்தால், உலகின் எல்லாப் பிரசவ வார்டுகளிலும் இன்று அது கட்டாயமாகியிருக்கும். ஆறு மாதம் கழித்து மனச்சோர்வை அளந்தபோது, பேசியவர்களில் 17 சதவீதம் பேருக்கும் பேசாதவர்களில் 14 சதவீதம் பேருக்கும் அது இருந்தது. அந்த மூன்று சதவீத வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம், ஆகவே தீங்கு நேர்ந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நன்மை இல்லை என்று சொல்லலாம். பயன் கிடைத்ததா என்று பயனாளியிடமே கேட்டால் போதாதா என்பவர்களுக்கு நான் வழக்கமாகக் காட்டுவது இந்த 94-ஐத்தான். அப்பெண்கள் சொன்னது பொய்யல்ல. அந்த ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது என்பது ஒன்று, அது ஆறு மாதத்துக்குப் பின் வரும் சோர்வைத் தடுத்தது என்பது வேறொன்று.

கேட்டவரின் தங்கைக்கு நேரடியாகப் பொருந்துவது ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஆய்வு. சாலை விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இப்படிப்பட்ட அமர்வைக் கொடுத்து, மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களைத் திரும்பப் பார்த்தார்கள். அதன் முடிவு 2000-இல் வெளியானது. தொடக்கத்திலேயே விபத்து நினைவுகளால் அதிகம் வதைபட்டவர்களில், அமர்வு கிடைக்காதவர்கள் காலப்போக்கில் தேறியிருந்தார்கள். அமர்வு கிடைத்தவர்கள் அப்படியே இருந்தார்கள். வேல்ஸில் தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த, 1997-இல் வெளியான ஆய்வில், பதின்மூன்று மாதம் கழித்து, பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் அமர்வு பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் இருந்தது. அமர்வு பெற்ற குழுவினரின் காயம் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நானும் எண்ணைக் காட்டி மயக்குபவனாகிவிடுவேன். ஆனால் ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்த, காக்ரேன் என்னும் சர்வதேச அமைப்பின் மதிப்பாய்வும், ஒற்றை அமர்வு பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை, யாரையும் இதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றே 2002-இல் முடிவு சொன்னது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம், பேரிடரில் சிக்கியவர்களை அவர்களாகச் சொல்ல விரும்புவதற்கு மேல் துருவிப் பேசவைக்கும் ஒற்றை அமர்வுகளை நடத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அதற்கும் அடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. இலங்கைக் கரையோரங்களில் இறங்கிய வெளிநாட்டுக் குழுக்களில் சில அந்த அறிவுரையைப் பொருட்படுத்தவில்லை. வீடிழந்து முகாமில் இருப்பவருக்கு அன்று வேண்டியிருந்தது குடிநீரும், பாதுகாப்பான இடமும், காணாமற்போன உறவினரைப் பற்றிய உறுதியான செய்தியும், அவர் பேச விரும்பினால் குறுக்கிடாமல் கேட்கும் ஓர் ஆளும்தான். மனநல முதலுதவி என்று இப்போது சொல்லப்படுவது ஏறக்குறைய இதுவே.

ஆகவே விபத்தன்றே பேசவைக்காததால் தங்கைக்கு எந்த இழப்பும் நேர்ந்துவிடவில்லை. அந்தக் குற்ற உணர்வு வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

பயனாளியின் மனநிறைவு ஆதாரமாகாது என்றால், சிகிச்சை கொடுப்பவரின் நேர்மையாவது ஆதாரமாகாதா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1990-களில் ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத குழந்தைகளுக்கு ஒரு முறை பரவியது. உதவியாளர் ஒருவர் குழந்தையின் கையையோ மணிக்கட்டையோ தாங்கிப் பிடித்துக்கொள்ள, குழந்தை எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வாக்கியம் அமைக்கும். ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளை ‘அம்மா, உன்னை எனக்குப் பிடிக்கும்’ என்று எழுதுவதைப் பார்த்த பெற்றோரின் நிலையை எண்ணிப்பாருங்கள். பின்னர் அதே பலகைகளில் பாலியல் குற்றச்சாட்டுகளும் வரத் தொடங்கின. மெய்ன் மாநிலத்தில் அப்படிக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு வழக்கில், ஹோவர்ட் ஷேன் என்னும் பேச்சு வல்லுநர் ஓர் எளிய சோதனை செய்தார். சிறுமிக்கும் உதவியாளருக்கும் தனித்தனியே படம் காட்டப்படும். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. சிறுமி பார்த்தது சாவி, உதவியாளர் பார்த்தது கோப்பை. பலகையில் வந்த சொல், கோப்பை. எத்தனை படம் மாற்றியும் உதவியாளர் பார்த்ததுதான் எழுத்தில் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஓ.டி. ஹெக் மையத்தில் இந்த முறையைக் கற்ற 12 பேரிடம் இதே வகைச் சோதனை நடந்தபோது, உதவியாளர் அறியாத ஒரு விடைகூடச் சரியாக வரவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 1994-இல் இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது.

மெய்ன் வழக்கின் உதவியாளரான ஜேனிஸ் பாயின்டன் ஏமாற்றுக்காரர் அல்லர். தன் கைதான் எழுதியது என்பதை உண்மையிலேயே அறியாதவர். சோதனைக்குப் பின் அதை விட்டுவிட்டு, பின்னாளில் அம்முறையை எதிர்த்து வெளிப்படையாக எழுதியவர். ஹாஸ்டலில் நள்ளிரவில் பலகைமேல் நாணயம் வைத்து ஆவியைக் கூப்பிட்டு விளையாடியவர்களுக்கு இது புரியும். நாணயத்தை யாரும் வேண்டுமென்று தள்ளுவதில்லை, ஆனாலும் அது நகரும்.

தட்டும் சிகிச்சைக்கு வருகிறேன். ராஜர் காலஹன் என்னும் அமெரிக்க உளவியலாளர் வகுத்ததிலிருந்து கிளைத்தது இது. உடலில் ஓடும் ஆற்றல் பாதைகளில் ஏற்படும் தடையே அச்சத்துக்குக் காரணம், குறிப்பிட்ட புள்ளிகளைத் தட்டினால் அத்தடை நீங்கும் என்பது இதன் கோட்பாடு. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏதேனும் ஒன்றைக் கண்டு அஞ்சும் 119 மாணவர்களைப் பிரித்து, சிலரைச் சரியான புள்ளிகளைத் தட்டச் சொன்னார்கள். சிலரைக் கையில் புள்ளியே அல்லாத இடங்களைத் தட்டச் சொன்னார்கள். சிலரிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து அதைத் தட்டச் சொன்னார்கள். மூன்று குழுக்களிலும் அச்சம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது; எதையும் தட்டாத நான்காவது குழுவில் குறையவில்லை. ஆக, பலன் இல்லை என்று சொல்வது தவறு, பலன் இருந்தது. ஆனால் பொம்மைக்கு ஆற்றல் பாதை ஏது? அஞ்சும் பொருளை மனத்தில் நிறுத்திக்கொண்டு, அதிலிருந்து ஓடிவிடாமல் கொஞ்ச நேரம் இருந்ததே வேலை செய்திருக்க வேண்டும். அச்சத்துக்கு மெல்ல மெல்லப் பழக்கும் சிகிச்சை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்வது அதைத்தான், எந்த மந்திரப் புள்ளியும் இல்லாமல்.

இதே ஐயம் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சைக்கும் ஓரளவு பொருந்தும் என்பதால் அதையும் தொட்டுச் செல்கிறேன். கொடிய நினைவை மனத்தில் வைத்துக்கொண்டு சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் பின்தொடரும் முறை இது. ஃபிரான்சின் ஷாபிரோ 1989-இல் முதல் ஆய்வை வெளியிட்டார். பி.டி.எஸ்.டி.க்கு இது பயனளிக்கிறது என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2013-இல் பரிந்துரைத்தது. கண்ணசைவு அதில் தேவைதானா என்பதில்தான் ஆய்வாளர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். 2001-இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் தேவையில்லை என்றார்கள். 2013-இல் பார்த்தவர்கள் ஓரளவு உதவுகிறது என்றார்கள். என் கணிப்பில், நினைவை எதிர்கொள்வதே அதன் உயிர். கண்ணசைவு அதற்குப் பூட்டிய நகை. தேர்ந்த ஒருவரிடம் தங்கை இதைப் பெற்றாலும் எனக்கு மறுப்பில்லை.

வாக்குமூலத்தை நம்பி ஒரு பெரிய அறிஞரே சறுக்கிய கதையும் உண்டு. தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியதில் முன்னின்றவர் ராபர்ட் ஸ்பிட்சர். அவரே 2003-இல், சிகிச்சையால் தங்கள் ஈர்ப்பு மாறிவிட்டது என்று சொன்ன 200 பேரைத் தொலைபேசியில் பேட்டி கண்டு, சிலருக்கு மாற்றம் நிகழ்கிறது என்று எழுதினார். ஒப்பீட்டுக் குழு இல்லை, அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க வழியும் இல்லை. அந்தக் கட்டுரையைக் காட்டி எத்தனையோ இளைஞர்கள் வதைக்கப்பட்டார்கள். 2012-இல், அந்த முடிவு தவறு என்று ஸ்பிட்சர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இங்கே, 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய ‘மாற்றும் சிகிச்சை’க்குத் தடை விதித்தார், மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு, ஆதாரமுள்ள சிகிச்சைகளின் கணக்கு மட்டும் பழுதற்றது என்ற எண்ணத்தை உண்டாக்கினால் அது நேர்மையாகாது. மாத்திரையைப் போல, எது உண்மை எது போலி என்று தெரியாதபடி பேச்சுச் சிகிச்சையைக் கொடுக்க முடியாது. பெறுபவருக்கும் கொடுப்பவருக்கும் தெரிந்தே நடப்பதால் எதிர்பார்ப்பு முடிவில் கலந்துவிடுகிறது. அதோடு, சரிவராத முடிவுகள் வெளியாகாமல் மேசை இழுப்பறைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அமெரிக்க அரசின் நிதியில் 1972 முதல் 2008 வரை தொடங்கப்பட்ட, மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சை ஆய்வுகள் 55-ஐத் தேடிப் பார்த்தபோது 13 வெளியாகவே இல்லை என்று தெரிந்தது. அவற்றின் தரவையும் சேர்த்துக் கணக்கிட்டதும் சிகிச்சையின் பயனளவு கால் பங்கு குறைந்தது. முக்கால் பங்கு நின்றது என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. தன் மேல் இப்படிக் கணக்குப் பார்க்க ஒரு சிகிச்சை இடம் கொடுக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். எந்த முடிவு வந்தால் உங்கள் முறை தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டால், காலஹனின் வழிவந்தவர்களிடமிருந்து எனக்கு இதுவரை விடை வந்ததில்லை.

தங்கையின் விஷயத்தில் என்ன செய்யலாம்? விபத்துக்குப் பின் முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் இயல்பு. பெரும்பாலானோருக்குத் தானே அடங்கும். மூன்று மாதம் ஆகியும் குறையவில்லை என்றால் மேலும் காத்திருக்கத் தேவையில்லை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்கு சோதிக்கப்பட்டது. பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள். அதிலும் விபத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசவைப்பது தீங்கு என்று சொல்லிவிட்டு மறுபடியும் பேசச் சொல்கிறீர்களே என்று கேட்பது நியாயம். அங்கே, காயம் ஆறும் முன், யாருக்கு நோய் வரும் யாருக்கு வராது என்று தெரியாமல், எல்லோரையும் ஒரே ஒரு முறை கிளறிவிட்டு எழுந்து போனார்கள். இங்கே, நோய் நிலைத்துவிட்டவரோடு, அவர் சம்மதத்தோடு, அதே நினைவை அதன் கூர் மழுங்கும்வரை வாரம் தவறாமல் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். அதற்கு இணையாக, வாசலில் நிறுத்திய ஸ்கூட்டரில் சும்மா உட்காருவது, தெருமுனைவரை யாரோடாவது பின்னால் அமர்ந்து போவது, விடுமுறை நாள் காலையில் அந்தச் சாலையை நடந்து கடப்பது என்று ஏணிப்படிபோல் அமைத்துக்கொள்வார்கள்.

நம் நாட்டில் கவுன்சலர் என்று பலகை மாட்டியவர்கள் எல்லோரும் முறையான பயிற்சி பெற்றவர்கள் என்று சொல்ல முடியாது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் அரசின் டெலி-மானஸ் எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம். முதல் சந்திப்பில் மூன்று கேள்வி போதும்: இதற்கு நீங்கள் என்ன பெயர் வைக்கிறீர்கள், எத்தனை அமர்வு ஆகும், தேறுகிறாரா இல்லையா என்று எதை வைத்து அளப்பீர்கள்? நல்ல சிகிச்சையாளர் முதல் நாளிலேயே ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து மதிப்பெண் குறித்துக்கொள்வார், பிறகு அடிக்கடி அதையே நிரப்பச் சொல்வார். அந்த எண்களை வீட்டில் ஒரு நோட்டில் நீங்களும் எழுதி வையுங்கள். ஆறாவது அமர்விலும் எண் அசையவில்லை என்றால், வேறு வழி என்ன என்று அவரிடமே கேளுங்கள்; அந்தக் கேள்விக்குக் கோபப்படுகிறவரானால், ஏழாவது அமர்வுக்குப் பணம் கட்ட வேண்டாம்.